சிப்பியின் நோயும் பெண்ணின் மூட்டும்

முத்து என்பது சிப்பிக்கு வந்த நோய். ஓட்டுக்குள் புகுந்த ஏதோ ஒன்று அதன் மென்தசையை உறுத்துகிறது. வெளியே தள்ள வழியில்லாத சிப்பி, தன் ஓட்டின் உட்பூச்சைச் சுரந்து அடுக்கடுக்காக அதை மூடிவிடுகிறது. உறுத்தியது எது என்று கண்டுபிடிக்க ஒரு பேரரசே மெனக்கெட்டது. மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகள் பத்தாண்டுகளுக்கு மேல் வருமானம் தராமல் போனதும், 1902இல் இலங்கை அரசு டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரை வரவழைத்தது. ஜேம்ஸ் ஹார்னெல் அவருக்கு உதவியாளர். 1903 முதல் 1906 வரை லண்டன் ராயல் சொசைட்டி அவர்களுடைய அறிக்கையை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. சிப்பியின் ஒட்டுண்ணிகள், அதன் எதிரிகள், அது வளரும் பாறை, நீரோட்டம் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. முத்து விளைவதற்கு ஒரு நாடாப்புழுவின் குஞ்சே காரணம் என்று ஹெர்ட்மன் முடிவு கட்டினார். அந்த முடிவு பின்னால் கேள்விக்குள்ளானது. ஆனால் கேள்வி கேட்கப்பட்டது, பணம் ஒதுக்கப்பட்டது, பதில் தேடப்பட்டது.

அந்தச் சிப்பியை மூச்சடக்கி எடுத்துவந்தவனின் தோள்மூட்டுக்கு ஐந்து தொகுதி எழுதப்படவில்லை. அவனுக்காகக் கரையில் காத்திருந்தவளின் முழங்காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இளம் வயதில் வருகிற, காரணம் தெரியாத மூட்டு வலியைப் பற்றியது இந்தக் கட்டுரை. இருபது, இருபத்தைந்து வயதில் காலையில் விரல் மடங்காமல் எழுந்திருக்கும் பெண்ணிடம் “காரணம் தெரியவில்லை” என்று சொல்லும்போது, அது இயற்கையின் மர்மம் போல ஒலிக்கிறது. தூத்துக்குடிக் கரையின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. யாருடைய வலி யாருக்கு நஷ்டம் உண்டாக்குகிறதோ, அதைப் பொறுத்தே காரணம் தேடப்படுகிறது. மூன்று வலிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, சங்கு குளிக்கும் ஆணுடையது. காரணம் தெரிந்தும் கரைக்கு வந்து சேராத வலி. இரண்டாவது, உப்பளப் பெண்ணுடையது. கண்ணெதிரே காரணம் இருந்தும் ‘வயசு’ என்று பெயர் சூட்டப்பட்ட வலி. மூன்றாவது, எந்தச் சுமையும் தூக்காத இளம்பெண்ணுக்கு வருவது. ‘மனசுதான் காரணம்’ என்று ஒதுக்கப்பட்ட வலி.

கணக்கில் ஏறாத உடல்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த கொற்கைதான் பாண்டியரின் முத்துத் துறை. ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது. துறைமுகமும் இடம் மாறியது. 1530களில் பரதவர் கத்தோலிக்கத்தைத் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைப் பெற்றார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். ஆட்சி மாறினாலும் முத்துக் கணக்கு எழுதும் முறை பெரிதாக மாறவில்லை. எத்தனை வள்ளம், எத்தனை குளியாளி, எத்தனை ஆயிரம் சிப்பி, ஏலத்தில் ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை என்று எழுதினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூன்றில் ஒரு பங்குதான் உயிரைப் பணயம் வைத்தவருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு.

முத்துக் குளிப்பு முகாம்களில் ஒரு நோய்க்கு மட்டும் அதிகாரிகள் நடுங்கினார்கள்: காலரா. காலரா வந்தால் கூட்டம் கலைந்துவிடும், அந்தப் பருவத்தின் வருமானம் போய்விடும். அதனால் அதற்கு மருத்துவரும் உண்டு, தனிக் கொட்டகையும் உண்டு. மூட்டு வலியால் எந்த முகாமும் கலைந்ததில்லை. வலிப்பவன் வீட்டோடு இருந்தால் இன்னொருவன் கயிற்றைப் பிடித்து இறங்குவான்.

பெண்கள் வள்ளத்தில் ஏறவில்லை. கடலுக்குப் போனவன் நல்லபடியாகத் திரும்புவது கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை தென்னகக் கடற்கரைகளில் பரவலாக இருந்தது. தகழியின் ‘செம்மீன்’ நாவல் முழுக்க நிற்பதே அந்த நம்பிக்கையின் மேல்தான். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கடலில் நடக்கும் விபத்துக்கு வள்ளத்தின் தரமோ பங்குப் பேராசையோ காரணமாகாது. வீட்டுக்குள் இருக்கும் பெண்தான் பொறுப்பு. பெண்ணின் உடலைக் காவல் காத்தார்கள். அது களைத்ததா, வலித்ததா என்று கேட்கவில்லை.

பெண்ணுக்கு ஆழம் ஆகாது என்று சொல்வோருக்கு இதே வளைகுடாவிலேயே பதில் இருக்கிறது. கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலடியில் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள் பெண்கள். ‘ஹேன்யோ’ என்ற அவர்களின் மரபை 2016இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பன் பக்கம் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பவளப்பாறைகளுக்கிடையே முங்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை திடீரென்று அத்துமீறல் ஆனது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அந்தப் பெண்களின் உரிமைக்காகப் பேசியவர். 2015இல் அவருக்கு சீகாலஜி விருது கிடைத்தது. உரிமையைப் பற்றிய செய்தி உலகம் வரை போனது. நாள் முழுக்கக் கடல்நீரில் கிடந்து வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும் உடலைப் பற்றி அப்போதும் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

வலி வீட்டில்தான் வருகிறது

முத்து ஓய்ந்தாலும் சங்கு ஓயவில்லை. தூத்துக்குடிச் சங்கின் பெரிய சந்தை வங்காளம். அங்கே மணமான பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளையல் இருக்க வேண்டும். கணவன் இறந்தால் அது உடைக்கப்படும். இந்த வணிகம் பழமையானது. மேலே சொன்ன ஹார்னெல் 1914இல் இந்தியாவின் சங்கைப் பற்றியே தனி நூல் எழுதினார். ஒரு கரையில் சுமங்கலியின் அடையாளமாக இருப்பது, இன்னொரு கரையில் ஒருத்தியின் கணவன் ஆழத்தில் இறங்கி எடுத்துவந்தது. அதற்கு அவன் கொடுத்த விலை அந்த வளையலில் தெரியாது.

கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கிய காலம் போய், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்வி இறங்கும் காலம் வந்தது. மூச்சடக்கி இறங்குபவர் ஓரிரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். குழாய் இருந்தால் மணிக்கணக்கில் கீழே இருக்கலாம். ஆபத்து அங்கேதான். ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துவிடுகிறது. மெதுவாக, இடையிடையே நின்று மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். சடாரென்று வந்தால் கோலி சோடாவின் கோலியைத் தட்டிய கதைதான். உடலுக்குள்ளேயே குமிழி கிளம்புகிறது. தோளிலும் முழங்கையிலும் முழங்காலிலும் குடைகிற வலி. குமிழி முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் விழுந்துவிடும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் தோள், இடுப்பு எலும்புகளின் பந்துமுனைக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகிறது. முப்பது வயதில் கிழவனைப் போல நடப்பதற்கு அதுவே காரணம்.

இந்த வலி பெரும்பாலும் கடலுக்குள் வருவதில்லை. மேலே வந்து சில மணி நேரத்துக்குள், படகு கரை சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகு வருகிறது. ஆகவே அதன் முதல் சாட்சி முதலாளி அல்ல, கூட வந்த ஆளும் அல்ல, வீட்டிலிருக்கும் பெண். நள்ளிரவில் தைலம் தேய்ப்பவள், மறுநாள் கூலி போச்சே என்று கணக்குப் போடுபவள், அவன் நிரந்தரமாக முடங்கினால் உப்பளத்துக்கோ மீன் கூடைக்கோ கிளம்புபவள் அவள்தான். அவளுக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வாங்கவில்லை.

சாட்சியாக இருந்த ஒரு பெண்ணின் பெயர் மட்டும் வரலாற்றில் நின்றது. நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியபோது ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். வெளியே வந்ததும் மூட்டு மூட்டாக வலித்துக் குனிந்து நடந்தார்கள். அந்தக் காலத்தில் நாகரிகப் பெண்கள் ‘கிரேக்க வளைவு’ என்று சொல்லி முன்புறம் சாய்ந்து நடப்பது ஃபேஷனாக இருந்தது. அதைக் கேலி செய்துதான் தொழிலாளர்கள் தங்கள் வலிக்கு ‘பெண்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆணின் தொழில் நோய்க்குக்கூடப் பெண்ணின் நடையிலிருந்துதான் கேலிப்பெயர் கிடைத்திருக்கிறது! தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் அதே நோயில் விழுந்தார். அவருடைய மனைவி எமிலி கணிதமும் கட்டுமானமும் கற்றுக்கொண்டு, கணவரின் குறிப்புகளைத் தளத்துக்குக் கொண்டுபோய், பத்தாண்டுக்கும் மேலாக வேலையை நடத்தினார். 1883இல் பாலம் திறந்தது. எமிலிக்கு நினைவுப் பலகை இருக்கிறது. உள்ளே இறங்கி முடங்கிய கூலித் தொழிலாளர்களின் மனைவியருக்கு அதுவும் இல்லை.

1908: இரண்டு செய்திகள்

இந்த வலிக்குக் காரணம் நைட்ரஜன் குமிழிதான் என்று பிரான்ஸில் பால் பெர் 1878லேயே நிறுவிவிட்டார். 1908இல் இங்கிலாந்தில் ஜே. எஸ். ஹால்டேனும் அவருடைய குழுவும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் மேலே வரும்போது எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்கு அது உடனே கிடைத்தது.

அதே 1908, பிப்ரவரி மாதக் கடைசியில் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வோடு வார விடுமுறையும் கோரிக்கையில் இருந்தது. வேலைநிறுத்தம் வென்றது, சில நாட்களில் வ.உ.சி. கைதானார். கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தது நமக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும். வார விடுமுறை என்ற கோரிக்கையை நாம் அரசியலாக மட்டும் வாசிக்கிறோம். அது உடலின் கோரிக்கையும்தான். ஆறு நாள் ஓடிய தோளுக்கும் காலுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதை முதலாளி கேட்கும்படி சொன்ன மொழி அது. வீட்டு வேலைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றுவரை வரவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அழுத்தக் காற்றில் வேலை செய்வதால் வரும் நோய்கள் இடம்பிடித்தன. சட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் இழப்பீடு கேட்க ஒரு முதலாளி வேண்டும். பங்குக்கு இறங்கும் சங்குகுளித் தொழிலாளிக்கு முதலாளி யார் என்று காகிதத்தில் காட்டுவதே பெரும்பாடு. இப்படித்தான் 1878லேயே காரணம் தெரிந்துவிட்ட ஒரு வலி, குடிசையில் இன்னும் காரணம் தெரியாத வலியாக இருக்கிறது.

உப்பு

வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் தூத்துக்குடிதான் முதன்மை. 1974இல் இந்தத் துறைமுகம் பெருந்துறைமுகமானது, 2011இல் வ.உ.சி. பெயர் பெற்றது. துறைமுகத்தில் சுமை தூக்க இயந்திரங்கள் வந்தன. சாலையோரப் பாத்திகளில் பெண்ணின் தலைதான் இன்னும் பல இடங்களில் சுமை தூக்கி.

வெயிலுக்குத் தப்ப விடியும் முன்பே வேலை தொடங்குகிறது. செறிந்த உப்புநீரில் கால் வைத்து நின்று, நீண்ட பலகையால் உப்பை வார வேண்டும். குனிந்து கூடையில் அள்ளி, இன்னொருத்தி தூக்கிவிட, தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து, அம்பாரத்தின் மேல் ஏறிக் கொட்ட வேண்டும். ஒரு நாளில் இதை எத்தனை முறை செய்கிறாள் என்பதை முதலாளியின் கணக்கு அறியும்; அவளுடைய கழுத்தும் முழங்காலும் அறியும். ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். பதினாறு வயதில் பாத்தியில் இறங்கியவளுக்கு முப்பதில் முழங்கால் தேய்வது மருத்துவப் புதிர் ஒன்றும் இல்லை.

ஆனாலும் இதற்குப் பெயர் ‘வயசு’. அல்லது ‘பிள்ளை பெத்த உடம்பு’. மேலே சொன்ன இழப்பீட்டு அட்டவணையில் காரீயமும் பாதரசமும் இருந்தன, பஞ்சுத் தூசியும் சேர்ந்தது. சுமை தூக்கித் தேய்ந்த மூட்டு இல்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் வந்து, தொழிலாளர்களோடு பேசி ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். சட்டம் பதிவு செய்யாத உடலை ஒரு பெண்ணின் நாவல் பதிவு செய்தது என்பது தமிழிலக்கியத்துக்குப் பெருமை. நிர்வாகத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் மூடிக்கிடக்கும் மாதங்களுக்கு அரசு இப்போது நிவாரணத் தொகை தருகிறது. அது வேலையில்லாத நாட்களுக்கான ஈடு. வேலை செய்த நாட்கள் மூட்டில் விட்டுப்போனதற்கு ஈடு எதுவும் இல்லை.

வெடியுப்புக் கிடங்கில் ஒன்பது பெண்கள்

இனி மூன்றாவது வலி. இவள் கல்லூரிக்குப் போகிறாள், அல்லது ஜவுளிக்கடையில் நிற்கிறாள், அல்லது ஆறு மாதக் குழந்தை வைத்திருக்கிறாள். பாத்தியில் இறங்கியதில்லை, கடலில் குளித்ததில்லை. ஒரு நாள் காலையில் தலை பின்ன விரல் மடங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சரியாகிறது. அடுத்த வாரம் மணிக்கட்டு. பிறகு பாதம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. எல்லாம் நார்மல்தான் என்கிறார்கள். அப்படியானால் வலிப்பது ஏன்?

இந்தப் பெண்ணை மருத்துவம் முதன்முதலில் அடையாளம் கண்ட இடம் பாரிஸின் சால்பெட்ரியே. வெடியுப்புக் கிடங்காக இருந்த இடம். அந்தப் பெயரின் பொருளே அதுதான். பிறகு ஏழைப் பெண்களையும் ஆதரவற்றோரையும் அடைத்துவைக்கும் விடுதியானது. மூட்டு நோய் என்றால் அன்று ‘கவுட்’தான், மாமிசமும் மதுவும் உண்டு கொழுத்த பணக்கார ஆண்களின் நோய். 1800இல் லாண்ட்ரே-போவே என்ற இளம் மருத்துவர் சால்பெட்ரியேயின் ஒன்பது பெண்களை விவரித்து ஆய்வேடு எழுதினார். இவர்கள் ஏழைகள், இவர்களுக்கு ஒரே நேரத்தில் பல மூட்டுகள் வீங்குகின்றன, இது வேறு நோய் என்றார். இன்று நாம் முடக்குவாதம் என்றும், நம் பாட்டிகள் சரவாங்கி என்றும் சொல்கிற நோயின் முதல் தெளிவான மருத்துவ விவரணைகளில் ஒன்று அது. 1859இல் ஆல்ஃபிரட் கேரட் அதற்கு ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்று பெயர் வைத்தார்.

அதே சால்பெட்ரியேயில் ஷார்கோ என்ற மருத்துவர் 1853இல் தன் ஆய்வேட்டை இதே மூட்டு நோயைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் அவருக்குப் புகழ் தந்தது அது அல்ல. பிற்காலத்தில் ‘ஹிஸ்டீரியா’ நோயாளிகள் என்று அங்கிருந்த பெண்களைப் பார்வையாளர்கள் முன் நிறுத்திக் காட்டினாரே, அதுதான். ஒரே கட்டடத்தில் இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஒன்று, பெண் சொல்லும் வலியை நம்பி மூட்டைத் தொட்டுப் பார்ப்பது. மற்றொன்று, வலிப்பதாகச் சொல்லும் பெண்ணையே வேடிக்கைப் பொருளாக்குவது. இரண்டாவது வழிதான் அகலமானது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதபோது, “ரொம்ப யோசிக்காதம்மா”, “கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்” என்று நம் ஊரில் கேட்கும் சொற்கள் அந்த வழியில் வந்தவைதான்.

பெண்ணின் சொல்லை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். முடக்குவாதம் உள்ள பெண்கள் பலருக்குக் கர்ப்பமாக இருக்கும்போது வலி குறைகிறது. பிரசவத்துக்குப் பின் திரும்புகிறது. மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும் அப்படியே குறைகிறது. அப்படியானால் இந்த நோய் திரும்பவே முடியாத பாதை அல்ல. உடலுக்குள்ளேயே அதைத் தணிக்கும் ஏதோ ஒன்று சுரக்கிறது என்று யோசித்தார். அந்தத் தேடல் கார்ட்டிசோனில் போய் முடிந்தது. 1948 செப்டம்பரில் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. கர்ப்பத்தில் வலி போய்விட்டது என்று எத்தனை ஊர்களில் எத்தனை பெண்கள் சொல்லியிருப்பார்கள்! அதை ஒருவர் செய்தியாகக் காது கொடுத்துக் கேட்டதால் மருந்து பிறந்தது. பிரசவத்துக்குப் பின் வலி திரும்பும் பெண்ணிடம் இங்கே ‘பச்சை உடம்பு, குளிர்ந்த தண்ணியில கை வச்சிருப்ப’ என்று குற்றம் சுமத்தினோம்.

இன்று தெரிந்திருப்பவை இவை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். ‘இந்த வயசுல மூட்டு வலியா’ என்று ஆச்சரியப்படுவதற்கு இதில் எதுவும் இல்லை. இந்த வயதில்தான் வரும்.

ஊரே நொண்டியபோது

ஒரே ஒரு முறை இளம் வயது மூட்டு வலியை எல்லோரும் நம்பினார்கள். 2006இல் சிக்குன்குனியா வந்தபோது. இந்தப் பெயர் இன்றைய தான்சானியாவின் மக்கோண்டே மொழியிலிருந்து வந்தது. உடலை வளைத்து முடக்குவது என்று பொருள். 1952-53இல் அங்கே முதலில் அடையாளம் காணப்பட்டது. 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவியது, பிறகு பல பத்தாண்டுகள் மறைந்திருந்து 2006இல் திரும்பியது. அந்த ஆண்டு இந்தியாவில் 13 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு வந்திருக்கலாம் என்பது அரசுக் கணக்கு.

தெருத் தெருவாக மக்கள் சுவரைப் பிடித்து நடந்தார்கள். ஆண்கள் வேலைக்குப் போகவில்லை, காவலர்கள் விடுப்பு எடுத்தார்கள், வாத்தியார்கள் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அப்போது யாரும் யாரையும் சோம்பேறி என்று சொல்லவில்லை. நிலவேம்புக் குடிநீர் காய்ச்சினார்கள், கொசு மருந்து அடித்தார்கள். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலி நீடித்தது. அப்படி நீடித்தவர்களில் பெண்கள் அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. ஊரின் ஆண்கள் எழுந்து நடந்ததும் கொள்ளைநோய் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்னும் விரல் மடக்க முடியாதவளின் வலி மறுபடியும் ‘மனசு’ ஆனது.

பெயர் கிடைத்த பிறகு

முடக்குவாதத்துக்கு இன்று உலகெங்கும் முதலில் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் தொடக்கம் சென்னையோடு தொடர்புடையது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் நடத்திய ஆய்வுகளில் பிறந்தது அது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்கு வந்தது. பிறகு மிகக் குறைந்த அளவில், வாரம் ஒரு முறை என்ற கணக்கில் மூட்டுக்கு உதவும் என்று கண்டார்கள். 1988இல் அமெரிக்கா முடக்குவாதத்துக்கு அதை ஏற்றது. 1948இல் இறந்துபோன சுப்பாராவ் இதைப் பார்க்கவில்லை. மூட்டு அழிவதற்கு முன், முதல் சில மாதங்களுக்குள் தொடங்கினால் பெரும்பாலோர் முடங்காமல் வாழ முடிகிறது. கர்ப்பமாக இருக்கும்போது இதை எடுக்கக் கூடாது. பிள்ளை பெற நினைப்பவர் முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். அதைச் சொல்லக்கூடிய உரிமை வீட்டில் அவளுக்கு இருக்க வேண்டும் என்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

அந்த முதல் சில மாதங்களைத்தான் நாம் வீணடிக்கிறோம். பெண் பார்க்க வரும் காலத்தில் நோய் வெளியே தெரியக் கூடாது என்று மறைக்கிறோம். கல்யாணமானவள் என்றால் மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாது. ரகசியமாகக் கடையில் வாங்கித் தின்னும் வலி மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாக மறையும். முகம் உப்பும், எலும்பு கரையும், சர்க்கரை ஏறும், நோய் உள்ளே வேலையைத் தொடரும். ஹெஞ்சின் நோயாளி எழுந்து நடந்த அதே மருந்துதான். அளவும் கண்காணிப்பும் இல்லாமல் போனால் அதுவே முடக்கும்.

எனவே சில அடையாளங்களைச் சொல்லிவைப்பது நல்லது. காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது. விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாதம் போன்ற சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்குவது. ஆறு வாரம் தாண்டியும் போகாதது. கூடவே காய்ச்சல், முடி கொட்டுதல், வாய்ப்புண், வெயிலில் முகம் சிவத்தல், காரணமில்லாத அயர்ச்சி. இவை இருந்தால் மூட்டு, வாத நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நார்வேயில் எரிக் வாலர் 1940இல் தொடங்கிவைத்த ரத்தப் பரிசோதனை வழியில் இன்று பல பரிசோதனைகள் உண்டு. அவை எதிர்மறையாக வந்தாலும் சிலருக்கு நோய் இருக்கும். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்பது ‘உனக்கு வலி இல்லை’ என்று பொருளாகாது. தூத்துக்குடியில் 2000இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்கு ஒரு நாள் போய்வர, அன்றைய கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் விட வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பெண்கள் சிகிச்சைக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லா வலிக்கும் பெயர் கிடைத்துவிடாது. நல்ல மருத்துவர் நேர்மையாகத் தேடியும் ஒன்றும் அகப்படாத மூட்டுகள் இருக்கின்றன. அப்போதும் அந்தப் பெண்ணுக்கு ஓய்வும் நம்பிக்கையான செவியும் உதவிக் கையும் உரியவைதான். நோய்க்குப் பெயர் வந்த பிறகு அவற்றைக் கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

முத்துக்குளிப்பு ஏடுகளில் சிப்பியின் எண்ணிக்கை ஆண்டுவாரியாக இருக்கிறது. ஆள்களின் வலி இல்லை. அந்த ஏட்டை நாமாக எழுதத் தொடங்கலாம். எந்தத் தேதி, எந்த மூட்டு, காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு, அன்று என்ன வேலை, மாதவிலக்குக்கு முன்னா பின்னா, எந்த மாத்திரை. பள்ளி நோட்டில் எழுதினால் போதும்; எழுதத் தெரியாத அம்மாவுக்கு மகள் எழுதலாம். மருத்துவரிடம் அது சான்று. பத்து உப்பளப் பெண்களின் நோட்டுகள் சேர்ந்தால் தொழிற்சங்கத்துக்கு அது கோரிக்கை மனு. ஐம்பது ஆண்டு கழித்து இந்தக் கரையின் வரலாற்றை எழுத வரும் பெண்ணுக்கு அது ஆவணம்.